இசைக் குடியிலிருந்து வைத்தியக் கலாசாலைக்கு

சென்ற ஆவணியில் ஒரு மாலை, நம் கலாசாலையில் விலங்கியல் பயிலும் முதலாண்டு மாணவர் ஒருவர் எம்மிடம் வந்தார். தவில் வாசிப்பதைத் தலைமுறைத் தொழிலாகக் கொண்ட குடும்பத்தினர் அவர். முகூர்த்த நாட்களில் செட்டிநாட்டு வீடுகளுக்கும் கோயில்களுக்கும் தகப்பனாருடன் வாசிக்கப் போவார். மற்ற நாட்களில் வகுப்பிற்கு வருவார். வைத்தியக் கல்விக்குரிய ‘நீட்’ என்னும் நுழைவுத் தேர்வை ஒருமுறை எழுதித் தவறியவர். மறுபடியும் எழுத எண்ணியிருந்தார். “ஐயா, டாக்டராக வேண்டுமானால் தவிலை விட்டுவிட வேண்டுமா?” என்று கேட்டார். யாம் விடை கூறுமுன் அவரே தொடர்ந்து, “விட்டால் மட்டும் போதுமா? மேளக்காரர் வீட்டுப் பிள்ளை என்கிற பேச்சை ஊரார் விடுவார்களா?” என்றார்.

முதற்கேள்விக்கு அப்பொழுதே ஒருவாறு விடை கூறினோம். இரண்டாவது கேள்விக்கு விடை கூற, காரைக்குடியிலிருந்து வடக்கே திருமயம் வழியாகச் செல்லும் சாலையில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் போக வேண்டும். நூறாண்டுக்கு மேலான காலத்தையும் கடக்க வேண்டும். அன்று சொல்லாது விட்டதே இக்கட்டுரையாயிற்று.

புதுக்கோட்டைச் சீமை இசைக்குப் பேர்போனது. அதற்கு அண்மையிலுள்ள குடுமியான்மலையில், ஸ்வரங்களைக் கல்லிற் பொறித்த பழைய சாசனம் இன்றும் இருக்கிறது. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய மாமுண்டியா பிள்ளையும், அவருடைய மாணாக்கர் தக்ஷிணாமூர்த்தி பிள்ளையும் புதுக்கோட்டையாரே. தெற்கே நம் காரைக்குடியில், சுப்பராமையரும் சாம்பசிவையரும் வீணையால் ஊர்ப்பெயரை நாடறியச் செய்தனர். இத்தகைய நிலத்தில் இசைக்கு மதிப்பு இருந்தது என்பதிற் சந்தேகமில்லை. இசையை வளர்த்தவர்களுக்கு அம்மதிப்பு ஒரே அளவில் கிடைத்ததா என்பதுதான் கேள்வி.

இன்று இசை வேளாளர் என வழங்கும் சமூகத்தாரின் கலை அக்காலத்தில் இரண்டு கிளைகளாயிருந்தது. நாகசுரமும் தவிலும் பெரிய மேளம். நாட்டியமும் அதற்குரிய பாட்டும் நட்டுவாங்கமும் சின்ன மேளம். பெரிய மேளத்தில் ஆடவர் வாசித்தனர். சின்ன மேளத்தில் ஆடியவர்கள் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட மாதர். தேவதாசிகள் என்று அழைக்கப்பட்டவர்கள் இவர்களே. இவர்களுக்கு விவாகம் இல்லை. செல்வர் ஒருவரது ஆதரவில் வாழ்வதும், அவருக்குப் பிறந்த மக்கள் தாய்வழியிலேயே வளர்வதும் வழக்கம். ஒரே குடியில் அண்ணன் நாகசுரத்தோடு சுவாமிக்கு முன் நடப்பான். தங்கை சதங்கை கட்டுவாள். ஊரார் நாவில் இருவருக்கும் கிடைத்த பெயர் ஒன்றன்று.

இங்கே வாசகர் கவனிக்க வேண்டிய விசித்திரம் ஒன்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னாட்டில் எழுத்தறிந்த பெண்களைத் தேடினால், அவர்களிற் குறிப்பிடத்தக்க பகுதியினர் இக்குடியினராயிருப்பர். பதமும் வர்ணமும் கற்க வேண்டியவர்க்குத் தமிழும் தெலுங்கும் சிறிது ஸம்ஸ்கிருதமும் வேண்டியிருந்தன. இக்காரணம் பற்றியே, பெண் படிப்பது ‘தாசிக்குரிய செய்கை’ என்று சொல்லிக் குடும்ப ஸ்திரீகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தனர் நம் முன்னோர் பலர். ஆகவே, வைத்தியக் கல்விக்கு முதற்படியாகிய எழுத்தறிவு எந்த வீட்டில் இயல்பாயிருந்ததோ, அந்த வீட்டின்மேலேயே பழிச்சொல்லும் இருந்தது.

இத்தகைய குடியில் 1886-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30-ஆம் தேதி புதுக்கோட்டையிற் பிறந்தவர் முத்துலக்ஷ்மி அம்மையார். தாயார் சந்திரம்மாள் அச்சமூகத்தைச் சேர்ந்தவர். தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கலாசாலையின் தலைமை ஆசிரியராக விளங்கிய பிராமணர். சந்திரம்மாளை மணந்தமையால் உறவினரால் விலக்கப்பட்டவர். முத்துலக்ஷ்மி தாமே அரங்கேறி ஆடியவர் என்று யாரும் எண்ணற்க. அரங்கமே கதியென்று பிறர் விதித்திருந்த குடியிற் பிறந்து, வேறு வாயிலைத் தட்டியவர் அவர்.

தட்டிய வாயில் எளிதில் திறக்கவில்லை. 1902-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். அதன்பின் ஆடவர் மட்டுமே பயின்ற மகாராஜா கலாசாலைக்கு விண்ணப்பித்தபொழுது எதிர்ப்பு எழுந்தது. பெண் என்பது ஒரு காரணம். இன்னாருடைய மகள் என்பது மற்றொரு காரணம். எம் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று பெற்றோர் சிலர் அச்சுறுத்தினர். முன்னர் அக்கலாசாலைக்கே தலைவராயிருந்தவருடைய மகளுக்கு நேர்ந்தது இது என்பதை மறத்தலாகாது. சமஸ்தானாதிபதி மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவர்கள் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார். அம்மையார் திரையிட்ட வண்டியிற் கலாசாலைக்குப் போய்வந்தார். அரசனது ஆணை இல்லையேல் அப்படிப்பு அங்கேயே நின்றிருக்கும். ஒருவருடைய கெட்டிக்காரத்தனம் எத்துணைப் பெரிதாயினும், கதவின் தாழ்ப்பாள் உட்புறத்தில் இருக்கும்பொழுது உள்ளிருப்பவர் ஒருவர் எழுந்து வந்துதான் திறக்க வேண்டும்.

1907-இல் சென்னை வைத்தியக் கலாசாலையிற் சேர்ந்தார். 1912-இல் பட்டம் பெற்றார். இவரையே இந்தியாவின் முதற் பெண் டாக்டர் என எழுதுவோர் உளர், அது பிழை. 1875-இலேயே மேரி ஷார்லீப் அம்மையாரும் வேறு மூவரும் அதே சென்னைக் கலாசாலையிற் சேர்ந்து பயின்றனர். ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் பிலடெல்பியாவிலும், காதம்பினி கங்குலி கல்கத்தாவிலும் வைத்தியத் தகுதி பெற்றது 1886-இல். அதாவது முத்துலக்ஷ்மி பிறந்த ஆண்டிலேயே. அவர்களுக்கில்லாத வேறொரு சுமை இவருக்கிருந்தது என்பதே எம் கருத்து. அவர்கள் பெண் என்ற தடையைக் கடந்தனர். இவரோ அதனோடு பிறப்பைப் பற்றிய பேச்சையும் கடக்க நேர்ந்தது. ரண சிகிச்சையில் இவர் காட்டிய தேர்ச்சி ஆசிரியர்களை வியப்பித்தது. பட்டத்திற்குப் பின் சென்னை எழும்பூரிலிருந்த அரசாங்கப் பிரசவ வைத்தியசாலையில் உள்ளிருப்பு வைத்தியராக அமர்ந்த முதற் பெண்மணி இவரே.

பெண் வைத்தியர் தேவைப்பட்டதற்குக் காரணம் வெளிப்படை. ஆண் டாக்டர் தொடுதலினும் சாதலே நன்று என்றிருந்த குடும்பங்கள் பல. பிரசவ வேதனையில் துன்புற்ற பெண்ணைத் திரைக்கு வெளியே நின்று விசாரித்து மருந்து கொடுத்தனர். இந்நிலையைக் கண்டு வருந்தியே ஷார்லீப் அம்மையார் வைத்தியம் கற்றார். ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-இல் வேலூரில் மாதர்க்கென வைத்தியப் பள்ளி தொடங்கியதும் இதனாலேயே. ஊரார் வாய் என்ன பேசினும், வீட்டில் ஒருத்தி பிரசவிக்க முடியாது கிடக்கும்பொழுது வந்த டாக்டரின் குலத்தை விசாரிப்போர் குறைவு. பழிக்கப்பட்ட குடியிலிருந்து வருபவர்க்கு வைத்தியத் தொழில் பிற தொழில்களினும் சற்று முன்னதாகவே வழிவிட்டதற்கு இது ஒரு காரணம் என எண்ணுகிறோம்.

நிற்க. தவில் வாசிக்கும் அம்மாணவருக்கு யாம் அன்று கூறிய விடையை இங்கே எழுதுவது தகும். கலைப்பயிற்சி வைத்தியனுக்கு வீண் அன்று. வைத்திய மாணவன் நோயாளியின் மார்பின்மேல் இடக்கையின் நடுவிரலைப் பதித்து, அதன்மேல் வலக்கையின் நடுவிரலால் தட்டிக் கேட்கக் கற்கிறான். காற்று நிறைந்த நுரையீரலின்மேல் ஒலி கணீரென்னும், கல்லீரலின்மேல் மந்தமாகும், மார்பினுள் நீர் கோத்திருந்தால் கல்லைத் தட்டியதுபோல் ஊமையாகும். வெறுங்குடத்தையும் நிறைகுடத்தையும் தட்டிப் பார்த்தவர்க்கு இது விளங்கும். மிருதங்கத்தின் தொப்பியில் ரவை அப்பினால் நாதம் தாழ்வதை அறிந்தவர்க்கு இன்னும் நன்றாக விளங்கும்.

இம்முறையை 1761-இல் வெளியிட்டவர் வியன்னா நகரத்து வைத்தியர் ஔவன்புருக்கர். விடுதிக்காரர் மகன், திராட்சைச் சாராயப் பீப்பாய்களைத் தட்டி அளவறியும் வழக்கத்தைக் கண்டு வளர்ந்தவர் என்பர். அவர் இசைப்பிரியரும் ஆவார். சாலியேரி என்னும் சங்கீத வித்துவான் 1781-இல் அரங்கேற்றிய இசை நாடகம் ஒன்றிற்குச் சாகித்தியம் எழுதியவர் இந்த வைத்தியரே. அவருடைய தட்டிக் கேட்கும் முறையை உலகம் நாற்பதாண்டுகளுக்கு மேல் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 1808-இல் பாரிஸ் நகரத்துக் கோர்விசார் அந்நூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகே அது பரவியது. கோர்விசாரின் மாணவர் லாயென்னக், புல்லாங்குழல் வாசிப்பவர். 1816-இல் இளம்பெண் ஒருத்தியின் மார்பில் நேரே காதை வைக்கக் கூசி, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஒலி முன்னினும் தெளிவாயிருந்தது. பின்னர் மரத்தைக் கடைந்து குழல் செய்துகொண்டார். இன்று டாக்டர்கள் கழுத்தில் அணிந்துள்ள ஸ்டெதாஸ்கோப்பின் முன்னோர் அம்மரக்குழலே. செவியால் வாழ்ந்தவர் இருவர் வைத்தியத்திற்குச் செவியைக் கொடுத்தனர்.

இதனால் தவில் வாசிப்பவனெல்லாம் நல்ல டாக்டராவான் என்று கூறத் துணியோம். இக்காலத்தில் படமெடுக்கும் யந்திரங்கள் செவியின் வேலையைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டன. ஆனால் வைத்தியப் படிப்பின் முதலாண்டில் மாணவரைத் திணறச் செய்வது, உடற்கூற்றின் எண்ணற்ற பெயர்களை மனனம் செய்வதும், கை பழகும்வரை ஒன்றையே நூறுமுறை செய்வதும் ஆம். வலக்கை விரல்களிற் கூடு மாட்டி, இடக்கையிற் குச்சி பிடித்து, விடியற்காலையில் ஒரே சொல்லை மணிக்கணக்காகச் சாதகம் செய்த பிள்ளைக்கு இது புதிதன்று. ஆசிரியர் சொல்லைத் தாங்கிக்கொள்வதும் அவனுக்குப் புதிதன்று!

இசையை விட்டு வைத்தியத்திற்குப் போனவர் என்றவுடன் படித்தவர்கள் நினைப்பது ஆல்பெர்ட் ஷ்வைட்சரை. பாரிஸில் விதோர் என்னும் ஆசானிடம் ஆர்கன் வாத்தியம் பயின்று, பாக் என்னும் சங்கீத மேதையைப் பற்றி 1905-இல் பெருநூல் வெளியிட்டவர். அதே ஆண்டில், தமது முப்பதாம் வயதில், ஸ்திராஸ்பூர்க் சர்வகலாசாலையில் வைத்திய மாணவராகச் சேர்ந்தார். 1913-இல் ஆப்பிரிக்காவிலுள்ள லம்பரேனேக்குப் புறப்பட்டார். நண்பர்கள் அவரைத் தடுத்தனர் என்பது உண்மை. ஆயினும் அவர் விட்டது புகழை; ஆகையால் அவர் விட்டதே அவருக்குப் புகழாயிற்று. பாரிஸ் பாக் சங்கத்தார், காலால் மிதித்து வாசிக்கும் பலகையுடன் கூடிய பியானோ ஒன்றைத் துத்தநாகத் தகடு வேய்ந்த பெட்டியில் வைத்துக் காட்டிற்கு அனுப்பினர். பகலில் நோயாளிகளைப் பார்த்தார், மாலையில் வாசித்தார். பணம் குறைந்தபொழுது ஐரோப்பாவிற்குத் திரும்பிக் கச்சேரி செய்து வைத்தியசாலைக்குப் பொருள் திரட்டினார்.

முத்துலக்ஷ்மி அம்மையாருக்கு இவ்வாறு ஒரு பெட்டி அனுப்புவார் இல்லை. அவர் தாயார் வீட்டுக் கலையைத் தம்முடன் எடுத்துச் செல்லக்கூடிய காலமன்று அது. ஐரோப்பியர் கையில் ஆர்கன் ஒரு கௌரவம். தமிழ்ப்பெண் காலிற் சதங்கை அக்காலத்தில் ஒரு சாட்சியம். இந்த வேறுபாட்டை உணராது, “திறமையிருந்தால் எவரும் எங்கும் போகலாம்” என்று மேடையிற் பேசுவது எமக்கு உடன்பாடன்று.

அதனாற்றான் போலும், அம்மையார் தாம் தப்பியதோடு அமையாது, அவ்வழக்கத்தையே ஒழிக்க முற்பட்டார். 1927-இல் சென்னைச் சட்டசபையில் உறுப்பினராகவும் உபதலைவராகவும் அமர்ந்து, கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்திற்கெதிராகத் தீர்மானம் கொணர்ந்தார். 1929-இல் நிறைவேறிய சட்டத் திருத்தத்தின் பயன் மிகப் பெரிது. அதை விளக்குவோர் குறைவாதலின் சிறிது விரிக்கிறோம். தேவதாசிக் குடும்பங்களுக்குக் கோயில் மானிய நிலம் இருந்தது. ஒருத்தி கோயிற் பணிக்கு வந்தால்தான் நிலம் வீட்டில் நிற்கும். மகளைப் பள்ளிக்கு அனுப்பிப் பொட்டுக்கட்டாது விட்டால் வயல் போய்விடும். ஆகவே தாய் மனம் இளகினாலும் வயிறு இளகவிடாது. புதிய சட்டம் அந்நிலத்தைக் கோயிற் பணியினின்று விடுவித்து, அனுபவித்து வந்த மாதர்க்கே உரிமையாக்க வழிசெய்தது. வயல் பறிபோகாது என்ற நிலை வந்த பிறகே, மகளுக்கு வேறு படிப்பு என்பது நடக்கக்கூடிய காரியமாயிற்று. பொட்டுக்கட்டுவதையே முற்றிலும் தடுக்கும் சட்டம் 1947-இல் நிறைவேறியது.

இதற்கு எதிர்ப்பும் இருந்தது. எதிர்த்தவர்கள் கேலிக்குரியவர்கள் அல்லர். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதியைத் தம் பொருளாற் புதுப்பித்த பெங்களூர் நாகரத்தினம்மாள், இச்சட்டம் தங்கள் குலக் கலையையும் உரிமையையும் அழிக்கும் என்று முறையிட்டவர்களுள் ஒருவர். கல்வியும் சங்கீதமும் சொத்துரிமையும் உடைய மாதர் பலர், எங்கள் அனைவரையும் ஒரே சொல்லால் இழிவுபடுத்தலாமா என்று கேட்டனர். பின்னர் நடந்தது அவர்கள் அச்சத்தை முற்றிலும் பொய்யாக்கவில்லை. நாட்டியம் பரதநாட்டியம் என்ற பெயருடன் மதிப்புற்று மேல்வகுப்பார் வீடுகளிற் குடிபுகுந்தது. அதைக் காத்து வந்த குடியினருட் பலர், பாலசரஸ்வதி போன்ற ஒருசிலர் தவிர, மேடையை இழந்தனர். சிறு பெண்களைப் பொட்டுக்கட்டுவதை நிறுத்தியது சரியே என்பது எம் துணிபு. கலைக்குரியவர்களைக் கலையோடு வாழவிட்டு அப்பழக்கத்தை மட்டும் நீக்கும் வழியை அக்காலத்தார் போதிய அளவு தேடவில்லை என்பதும் எம் துணிபே.

சட்டம் ஒருபுறமிருக்க, பொட்டுக்கட்டும் வாழ்விலிருந்து தப்பி வந்த பெண்கள் சிலர் அம்மையாரிடம் அடைக்கலம் புகுந்தனர். விடுதிகள் அவர்களை ஏற்க மறுத்தன. தம் வீட்டிலேயே இடங்கொடுத்துத் தொடங்கியதே சென்னையிலுள்ள அவ்வை இல்லம், ஆண்டு 1931. அங்கு வளர்ந்த பெண்கள் ஆசிரியைகளாகவும் தாதிகளாகவும் வெளிவந்தனர். ஆக, சதங்கை வீட்டிலிருந்து வைத்தியசாலைக்குச் செல்லும் வழி, ஒருத்தி மட்டும் நடந்த ஒற்றையடிப் பாதையாக முடிந்துவிடவில்லை. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அம்மையாரை மற்றொரு பெருங்காரியத்திற்கும் தூண்டியது. 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் தொடங்கிய புற்றுநோய் நிலையம் அவர் முயற்சியே. 1968-இல் காலமானார்.

இனி அம்மாணவரின் இரண்டாவது கேள்வி. ஊரார் பேச்சு முற்றும் ஓய்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டோம். ஆனால் இன்று வாயிலைத் திறக்க ஓர் அரசன் மனமிரங்க வேண்டியதில்லை. இசை வேளாளர் தமிழ்நாட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். அரசுப் பள்ளியிற் பயின்றவர்க்கு வைத்தியக் கலாசாலை இடங்களில் நூற்றுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிவகங்கையில் 2012-இலும், புதுக்கோட்டையிலேயே 2017-இலும் அரசாங்க வைத்தியக் கலாசாலைகள் எழுந்துள்ளன. திரையிட்ட வண்டியில் அம்மையார் சென்ற ஊரில் இன்று பெண்கள் பஸ்ஸில் வந்திறங்கி வைத்தியம் பயில்கின்றனர்.

மிஞ்சிய தடை சிறிது, ஆனால் மெய்யானது. அந்நுழைவுத் தேர்வு அண்மை ஆண்டுகளில் மே மாதத் தொடக்கத்து ஞாயிறன்று நடக்கிறது. சித்திரை, வைகாசி மாதங்கள் முகூர்த்தக் காலம். மேளக்காரர் குடும்பத்தின் ஆண்டு வருமானத்திற் பெரும்பகுதி வரும் காலம். ஒரு தவில் குறைந்தால் ஆள் கூலிக்குப் பிடிக்க வேண்டும். பிறர் வீட்டுப் பிள்ளைகள் படிப்பிற்கென வீட்டிலிருக்கும் அவ்வாரங்களில், அவருக்கு ஊர் ஊராக இரவு முழுதும் வாசிப்பு. இதைத் தகப்பனாரிடம் எடுத்துச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. அதற்காகவே எம்மிடம் வந்தார் என்பது பிற்பாடு விளங்கியது.

யாம் ஒருநாள் அவர் வீட்டிற்குச் சென்று தகப்பனாரைக் கண்டோம். பெரியவர் வெற்றிலைப் பெட்டியை எம் பக்கம் நகர்த்திவிட்டு, வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சித்திரை பூராவும் என் தம்பி மகனைக் கூட்டிக்கிறேன், ஐயா. ஆனா எங்க ஊர்த் திருவிழா அன்னிக்கு மட்டும் இவன் வரணும்; சாமிக்கு வாசிக்கிறது” என்றார். மகன் நாட்காட்டியை எடுத்துப் பார்த்தார். திருவிழா தேர்வுக்குப் பின் ஒன்பதாம் நாள் வருகிறது.